மாவுப் பெட்டியில் பதினெட்டு குஞ்சுகள்

பார்சல் ஆபீஸ் குமாஸ்தா அட்டைப்பெட்டியைத் தூக்கித் தன் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு அதை அப்பாவின் காதருகே நீட்டினார். அப்பாவுக்கும் ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது.

“மால் க்யா ஹை?” என்றார் குமாஸ்தா, உள்ளே என்ன சரக்கு என்று.

“முர்கி கா பச்சா, கோழிக்குஞ்சு” என்றார் அப்பா.

“ஜிந்தா?” உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். பதில் தெரியாத கேள்வி எது வந்தாலும் எங்கள் வீட்டில் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் அப்போது மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள். அப்பா பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார், சித்தாள் வேலையில். உள்ளே உட்கார்ந்ததில்லை.

நான் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டை வாசித்தேன். ‘உயிருள்ளவை. அவசரம்’ என்று அச்சடித்திருந்தது.

“ஹா ஜி, ஜிந்தா” என்றேன். அச்சில் இருந்தால் அது உண்மை என்று நம்பிக்கொண்டிருந்த காலம்.

எல்லாம் ஊரிலிருந்து

இந்தக் குஞ்சுகள் டெல்லிக்கு ரயிலேறிய கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஜுக்கியில், அதாவது குடிசைப் பகுதியில், இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கள்ளக்குறிச்சிப் பக்கம். எங்களுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு. உருப்படியான பொருள் எதுவாக இருந்தாலும் ஊரிலிருந்து ரயிலில் வர வேண்டும். புளி, மிளகாய்த் தூள், மாரியம்மன் விபூதி, மணப்பெண், எல்லாமே அப்படித்தான் வந்தன. ஒரு முறை ஆட்டுக்கல்லே வந்தது. டெல்லியில் கல்லே இல்லாத மாதிரி.

அம்மா வேலை செய்த வீட்டில் பழைய தமிழ் வாரப் பத்திரிகைகளைக் கட்டிக் கொடுப்பார்கள். நான் அவற்றை விளம்பரம் உட்பட விடாமல் படிப்பேன். அதில் ஒரு விளம்பரம்: நாமக்கல் பக்கத்துப் பண்ணை ஒன்று, ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சுகளை இந்தியாவின் எந்த மூலைக்கும் ரயில் பார்சலில் அனுப்பும். குஞ்சு பொரித்து மூன்று நாள் வரை வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவே போதும், தீனி தண்ணீர் வேண்டாம் என்று விளக்கமும் இருந்தது.

நான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். “இன்னொரு தபா படி” என்றாள். படித்தேன். ஆர்டர் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். ‘மாண்புமிகு பண்ணை மேலாளர் அவர்களுக்கு’ என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம்.

டெல்லியை அடுத்த குட்காவ் பக்கம் போனால் ஒன்றரை மணி நேர பஸ் பயணத்தில் குஞ்சு கிடைக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அம்மா நம்பியிருக்க மாட்டாள். இந்த ஊர்க் கோழி முட்டையில் ருசி இருக்காது என்பது அவளுடைய முடிவு.

ஐம்பத்து நான்கு

அம்மாவுக்குக் கோழி மேல் ஆசை இல்லை. ஒரு வீட்டை விட வேண்டும், அவ்வளவுதான்.

அவள் ஆறு வீடுகளில் வேலை செய்தாள். ஐந்து வீடுகள் தரைத்தளம் அல்லது முதல் மாடி. ஆறாவது, மோதி பாக் அரசுக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருந்த மாமியின் வீடு. அம்மாவின் வலது முழங்கால் இரண்டு வருடமாக வீங்கிக் கிடந்தது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மாடி ஏற வேண்டும். ஐம்பத்து நான்கு படி என்று அம்மா சொல்வாள். படிக்கட்டில் எண்ணிக்கொண்டே ஏறினால் வலி தெரியாது என்பது அவள் கண்டுபிடிப்பு. தெரியாமல் இருந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் காலைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள்.

முட்டை விற்றால் மூன்றாம் மாடியை விட்டுவிடலாம் என்பது திட்டம்.

நாளிதழ் படித்த குஞ்சுகள்

முந்தின நாள் காலையில் வந்திருக்க வேண்டிய ரயில், பனிமூட்டத்தில் எங்கெங்கோ நின்று, அன்று மதியம்தான் வந்து சேர்ந்தது. அது டெல்லியின் ஜனவரி. பத்தடி தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பர் தெரியாத பனி, குளிர். ஏப்ரல் வரை பொறுத்திருக்கலாம் என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று நான் படித்த பழைய இதழ், ‘குஞ்சு வளர்க்க ஏற்ற மாதம் தை’ என்று சொல்லியது. எந்த ஊருக்குத் தை என்று அது சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தோம். ஐம்பது கேட்டிருந்தோம், இரண்டு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். வழியில் இரண்டு போகலாம் என்று பண்ணைக்காரர் கணக்கு. இருபத்தொன்று போயிருந்தன. மீதி ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடி, ஊதிவிட்டால் விழுந்துவிடும்போல இருந்தன.

அம்மா செத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் வைத்தாள். எனக்கு எதையாவது பேச வேண்டியிருந்தது. பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். வெல்லத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் அதில் ஒரு முறை நனைக்க வேண்டும். நனைத்தோம். பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்துக்கொண்டிருந்தால் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். துடைத்தோம். உடைத்த சோளமும் ரவையும் தூவ வேண்டும். தூவினோம்.

தரையில் எதை விரிப்பது என்று புத்தகத்தில் இல்லை. நான் ஆங்கில நாளிதழை விரித்தேன். அதை வீட்டில் படிப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் அது என் பங்களிப்பு. தாளில் கால் வழுக்கி நாலைந்து குஞ்சுகள் இரண்டு காலும் இரண்டு பக்கம் விரிந்து, தவளை மாதிரி படுத்துக்கொண்டன. அம்மா அவற்றைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து போட்டாள்.

விரிந்த காலைச் சேர்த்துத் தளர்வாகக் கட்டினால் இரண்டு நாளில் நேராகும் என்பது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. என் பள்ளி ஸ்வெட்டரின் கையில் நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்து அறுத்துக் கட்டினேன். அந்த வருடம் முழுக்க என் ஸ்வெட்டரின் இடது கை முழங்கை வரைதான்.

தொண்ணூற்றைந்து டிகிரி

எல்லாவற்றையும் விட முக்கியம் சூடு. தொண்ணூற்றைந்து டிகிரி என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் தெருக் கம்பத்தில் கொக்கி போட்டு வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் சுருள் ஹீட்டரைப் போடுவார்கள். ஆறு ஐந்துக்கு எல்லா வீட்டிலும் இருட்டு. நாங்கள் குஞ்சுகளுக்குத் தொங்கவிட்ட பல்பும் அப்படித்தான் போனது. விடிந்தபோது முப்பத்தொன்றில் பதின்மூன்று போயிருந்தன. பதினெட்டு மிச்சம்.

“தொண்ணூத்தஞ்சுன்னா எவ்ளோ சூடுடி?” என்று அம்மா கேட்டாள்.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் நான் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். பாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்றி முப்பத்தைந்து என்றேன். அம்மா காத்திருந்தாள்.

“நம்ம உடம்புச் சூட்டை விடக் கொஞ்சம் கம்மி” என்றேன்.

“மாமி வூட்டு மாவுப் பொட்டி மாதிரி” என்றாள் அம்மா.

மாமியின் பெருமை

டெல்லிக் குளிரில் இட்லி மாவு பொங்காது. இது தெற்கிலிருந்து வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல் குளிர்காலத்தில் தெரியவரும் உண்மை. மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றுவார்கள், ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையில் பொதிந்து பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வார்கள். என் வகுப்புத் தோழி வீட்டில் மாவுக்கு ஒரு குரங்குத் தொப்பியே உண்டு.

மாமியின் ஏற்பாடு இவற்றையெல்லாம் தாண்டியது. டிவி வந்த மரப்பெட்டிக்கு உள்பக்கம் கம்பளி அடித்து, மூலையில் ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு. வெளியே தண்ணீர் உறைகிற நாளிலும் மாமியின் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழும். லோதி ரோட்டிலிருந்தெல்லாம் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போக வருவார்களாம். அம்மா அதைத் தொட்டுத் துடைக்கலாம், திறக்கக் கூடாது.

அந்த வீட்டுக்குள் முட்டை போட்ட கேக் கூட நுழைந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

“கேட்டுப் பாக்கறேன்” என்றாள் அம்மா.

“கேட்டா முடியாதுன்னுடுவாங்க” என்றேன் நான். “அவங்க கோயிலுக்குப் போயிருக்கிற நேரத்துல வெச்சி எடுத்துடலாம்.”

அம்மா யோசித்தாள். அந்த வீட்டை விடுவதற்காகத்தான் இந்தக் குஞ்சுகள். இதற்காக அந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டால், குஞ்சும் இருக்காது, சம்பளமும் இருக்காது. இதை அம்மா யோசித்தாள். நான் யோசிக்கவில்லை. எனக்குத் தொண்ணூற்றைந்து டிகிரி மட்டும்தான் தெரிந்தது.

சார் ஒன்றும் பார்க்கவில்லை

அது விடுமுறை நாள். மார்கழியின் கடைசி வாரம். மாமி விடியலில் கோயிலுக்குப் போனால் பாராயணம் முடிந்து பதினோரு மணிக்குத்தான் திரும்புவாள்.

நான் அந்த மாடியில் ஏறியது அதுதான் முதல் தடவை. வேலை வீடுகளின் வாசலை நான் மிதிக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். நான் கூடையைச் சால்வையால் மூடிக்கொண்டு முன்னால் ஏறினேன். அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறி வந்தாள். அவள் எப்படி ஏறுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சார், மாமியின் கணவர், வராந்தாவில் காதுவரை மப்ளர் சுற்றி, நாளிதழைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஏதோ அமைச்சகத்தில் அதிகாரி. வீட்டில் அவர் குரல் அதிகம் கேட்காது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

நான் மாவுப் பாத்திரத்தை வெளியே எடுத்துச் சமையலறை ஜன்னலோரம் வைத்துவிட்டு, பெட்டிக்குள் சாக்கை விரித்துக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். சூடு பட்டதும் அவை பல்பைச் சுற்றிக் கூடின. அதுவரை ஊமையாகக் கிடந்தவை கத்த ஆரம்பித்தன. வராந்தா வரை கேட்டிருக்கும்.

நாளிதழ் கொஞ்சம் இறங்கியது. சார் எழுந்து வந்து பெட்டிக்குள் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“நான் ஒண்ணும் பாக்கலை” என்றார் சார். இரண்டடி போனவர் திரும்பினார். “நாப்பது வாட்ஸ் போறாது. மேல் டிராயர்ல அறுபது இருக்கு, அதைப் போடு.”

உப்புமா

குஞ்சுகள் தேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போனதை மறந்துவிட்டோம். பதினோரு மணிக்குத் திரும்பி வந்த மாமி நேராக மாவைத்தான் பார்க்கப் போனாள். அன்று மாலை எட்டுப் பேர் டிபனுக்கு வருவதாக இருந்தது. ஜன்னலோரம் மாவு, விடியற்காலையில் அரைத்து ஊற்றியபடியே அசையாமல் இருந்தது.

மாமி கரண்டியை விட்டுத் தூக்கிப் பார்த்தாள். “இருபத்திரெண்டு வருஷமா என் மாவு பொங்காம இருந்ததில்லை” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. யாரோ இறந்துவிட்ட மாதிரி சொன்னாள். பிறகுதான் பெட்டி கத்துவதைக் கேட்டாள்.

திறந்தாள். நின்றாள். என் ஸ்வெட்டர் நூலால் கால் கட்டிய குஞ்சு ஒன்று, அந்த நேரம் பார்த்து எழுந்து நிற்க முயன்று குப்புற விழுந்தது. திரும்ப எழுந்தது.

“யாருடி இந்தக் காலைக் கட்டினது?”

“நான்தான்” என்றேன். பாரன்ஹீட்டைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன்.

“படிக்கற பொண்ணு நீ. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோல்லியோ?”

“கேட்டிருந்தா சரின்னிருப்பீங்களா?”

மாமி உண்மையாகவே யோசித்தாள். “மாட்டேன்” என்றாள்.

அம்மா ஏற்கெனவே கூடையைக் கையில் எடுத்திருந்தாள். வேலை போய்விட்டது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. மாமி பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். உள்ளே கம்பளியில் எச்சம், ரவை, ஒரு மஞ்சள் இறகு.

“இதை எங்கே எடுத்துண்டு போறே? இனிமே இந்தப் பெட்டியில நான் மாவு வைக்க முடியுமா? அதுகளே இருக்கட்டும். பால்கனிக்குத் தள்ளு” என்றாள்.

மாமியின் ஆசாரம் குஞ்சுகளைக் காப்பாற்றியது. கொஞ்சம் தளர்ந்த மனுஷியாக இருந்திருந்தால் பெட்டியைக் கழுவித் துடைத்து மாவைத் திரும்ப வைத்திருப்பாள். குஞ்சுகள் அன்று சாயங்காலத்துக்குள் செத்திருக்கும். விருந்தாளிகளுக்கு உப்புமா. டெல்லிக் குளிரைத் திட்டியபடி எட்டுப் பேரும் சாப்பிட்டார்களாம்.

துடைப்பம்

பெட்டியைப் பால்கனிக்குத் தள்ளியதும் மாமி என்னைப் பார்த்தாள். தினமும் காலையும் மாலையும் வந்து குஞ்சுகளைக் கவனிக்க வேண்டியது நான் என்று முடிவானது. சரி என்றேன்.

“வர்றதுதான் வரே, அப்படியே அந்த ஹாலையும் ஒரு பெருக்குப் பெருக்கிடு. உங்கம்மாவுக்கும் முட்டி வலி” என்றாள் மாமி. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். துடைப்பம் மாமியின் கையில் இருந்தது, என் பக்கம் நீண்டிருந்தது. என் கையும் நீண்டுவிட்டது.

அம்மா நடுவில் வந்தாள். பதினோரு வருடமாக அந்த வீட்டில் ‘சரிம்மா’ தவிர வேறு சொல்லாதவள்.

“குஞ்சு வேணும்னா செத்துப் போவட்டும்மா. அவ கையில தொடப்பம் குடுக்காதீங்க.”

மாமி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சாயங்கால உப்புமாவுக்கு ரவை வறுக்கிற வாசனை வந்தது.

“அப்ப குஞ்சோட பீயை யாரு கூட்டறது?” என்று நான் அம்மாவிடம் மெல்லக் கேட்டேன்.

“அத நீதான் கூட்டணும். அது நம்முளுது” என்றாள் அம்மா.

மூன்று வாரம் நான் தினமும் இரண்டு முறை அந்தப் படிகளில் ஏறி இறங்கினேன். பதினாறு வயதுக் காலுக்கே இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கியது. வேதியியல் பரீட்சைக்குப் பால்கனியில் உட்கார்ந்துதான் படித்தேன். மாமி தினமும் வாசல்படியைத் தாண்டாமல் நின்று, நூல் கட்டின குஞ்சு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பாள். பதினெட்டில் பதினான்கு பிழைத்தன. நூல் கட்டினதும் அதில் உண்டு.

சேவல்கள் ஊருக்குப் போனது

வளர்ந்த பிறகு பார்த்தால் எட்டு சேவல், ஆறு பெட்டை. இதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை. நான் ஐந்தாறு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

தன் பெட்டியில் வளர்ந்ததால் சேவல்கள் என்ன ஆயின என்று மாமி அக்கறையாக விசாரித்தாள். ரயிலில் ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று அம்மா சொன்னாள். மாமி உடனே நம்பினாள். டெல்லித் தமிழர்களில் யாரும் இதை நம்புவார்கள்; திசை மட்டும்தான் புதிது. சேவல்கள் எங்கே போயின என்பது எங்கள் ஜுக்கிக்குத் தெரியும். குழம்பு நன்றாக இருந்தது.

ஆறு பெட்டைகளும் முட்டையிட்டன. அடுத்த ஈடு குஞ்சுகளை அப்பா குட்காவ் பக்கமிருந்து பஸ்ஸில், மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஒன்று கூடச் சாகவில்லை. முட்டையில் ருசி இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே விற்றாள். அந்த வருடக் கடைசியில் மாமி வீட்டு வேலையை விட்டாள்.

விட்ட இரண்டாம் மாதம் சாருக்கு உடம்பு சரியில்லாமல் போய், தினம் முட்டை சாப்பிடச் சொல்லிவிட்டார் டாக்டர். சார் ஆபீஸ் கேண்டீனில் பல வருடமாக ஆம்லெட் சாப்பிட்டு வந்தது அம்மாவுக்குத் தெரியும்; ஆம்லெட் வாசனையோடு திரும்பி வரும் தயிர்சாத டப்பாவைக் கழுவியவள் அவள்தானே. மாமிக்குத் தெரியாது. மாமி மூன்று நாள் அழுதாள். பிறகு பால்கனியில் தனி ஸ்டவ், தனிப் பாத்திரம் வாங்கி வைத்தாள். முட்டைக்கு ஆளனுப்பியது எங்களுக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் கட்டிடத்தில் எல்லோரும் தெரிந்தவர்கள். முட்டைக்காரி தன் வீட்டுக்கு மாடி ஏறி வருவதை யாரும் பார்க்கக் கூடாது. மாமியே கீழே வந்து பையில் மறைத்து வாங்கிக்கொள்வாள்.

நான் ஒரே ஒரு முறை அம்மாவுடன் போனேன். அம்மா அடிப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டைக் கூடை பக்கத்தில். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், நின்று நின்று. கடைசித் திருப்பத்தில் மாமி தெரிந்தாள். ஒரு கையால் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“என்னடி பச்சை, இந்தப் படி முடியவே மாட்டேங்கறதே” என்றாள் அம்மாவிடம்.

அம்மா எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தாள்.

“இன்னும் ஒம்பதுதாம்மா இருக்குது. கைப்பிடிய புடிச்சிக்கினு மெதுவா வாங்க.”